இஞ்சே பிள்ளையின் கட்டைவிரல்

சென்ற மாதம் எங்கள் நடுவர் சங்கத்தில் எனக்குப் பிரிவு உபசார விருந்து வைத்தார்கள். மீகோரேங், கேசரி, நீளமான பேச்சுகள், கடைசியில் ஒரு சுவர்க்கடிகாரம். முப்பது வருஷத்துக்கு மேலாக மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து ஓடியவனுக்கு ஓய்விலும் கடிகாரமா என்று கேட்கத்தான் நினைத்தேன். கேசரி நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் இளம் நடுவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இப்போது அவர்கள் சட்டைப் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரன் முறைத்தால் அட்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. "அங்கிள், இந்த கார்டெல்லாம் வர்றதுக்கு முன்னால எப்படி அங்கிள் சமாளிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வித்தையை எனக்குக் காட்டியவர் இஞ்சே பிள்ளை. அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவின் கஜா பெராங்கில் நடந்த பந்து விளையாட்டுச் சீசனைச் சொல்லாமல் முடியாது. இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய சீசன் அது. முடிய வருஷக்கணக்கில் ஏன் ஆனது என்று இவர்கள் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஆறுமுகம். மலாக்காவில் பழைய ஆட்கள் என்னை விசில் ஆறுமுகம் என்றால்தான் அறிவார்கள். அப்பா நகராட்சியில் ரோடு போடும் வேலை செய்தார். நான் தண்ணீர்ப் பிரிவில் குழாய் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலாள் இஞ்சே பிள்ளை. இஞ்சே என்றால் மலாயில் ஐயா. மாலையில் அவர் பந்தாட்ட நடுவர், நான் அவருக்கு ஓரத்தில் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன். பகலில் திட்டு வாங்கியவரிடமே சாயங்காலமும் திட்டு வாங்குகிற பாக்கியம் ஊரில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

பிள்ளை கஜா பெராங்கை ஒட்டிய கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் விபூதி, தலையில் மடித்துக் கட்டிய கைக்குட்டை, வாயில் மலாய். செட்டி மக்கள் தமிழ்நாட்டிலிருந்து இந்த ஊருக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாமி பேர்களும் உறவுப் பேர்களும் சில பலகாரங்களின் பேர்களும்தான். ஆகவே அவர் பேச்சை இங்கே தமிழில் போடுகிறேன். இரண்டு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன். ஒன்று 'பெலூம்'. இன்னும் இல்லை என்று அர்த்தம். மற்றது 'போலே'. ஆகட்டும், சரி என்று அர்த்தம். முதல் சொல் நாள் முழுக்கக் காதில் விழும். இரண்டாவதைக் கேட்கத் தவம் கிடக்க வேண்டும்.

குழாய் இணைப்பை நான் முடுக்கி முடித்ததும் வந்து குந்துவார். இணைப்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். விரலை எடுத்துப் பார்ப்பார். ஈரம் துளி இருந்தாலும் "பெலூம், முகம்" என்பார். ஆறுமுகத்தில் அவருக்கு முகம் மட்டும் போதும். நான் வாய்க்குள் முனகிக்கொண்டே திரும்பக் கழற்றுவேன்.

திடலிலும் அதே கட்டைவிரல்தான். ஆட்டத்துக்கு முன்னால் பந்தை வாங்கி நாலு பக்கமும் அழுத்துவார். கோல் கம்பத்தை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். ஆட்டக்காரர்களைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, லாடம் அடிக்கிறவன் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பூட்ஸின் அடியைத் தடவுவார். கோடுகளின் மேல் செருப்பில்லாமல் நடந்து மூலை வரைக்கும் போவார். அதற்குப் பிறகுதான் விசில்.

ஆட்டத்தில் எவனாவது எவனையாவது உதைத்தால் பிள்ளை ஓடிப் போய் அவன் பக்கத்தில் நிற்பார். சத்தம் போட மாட்டார். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஹசானின் மகனே, உன் அப்பா அந்த மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்பார். அவ்வளவுதான். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். ஊரில் எல்லாருடைய அப்பன் பெயரும் அவருக்குத் தெரியும். எல்லார் வீட்டிலும் குழாய் இருந்ததே!

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் ஒரு விளையாட்டு அதிகாரி வந்து சேர்ந்தார். தன் நாட்டில் பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி வாத்தியாராக இருந்தவராம். குள்ளமான ஆள், நன்றாக மலாய் கற்றுக்கொண்டிருந்தார். கன்னத்தில் அறைவதில் மற்ற ஜப்பான்காரர்களுக்கு அவர் ஒன்றும் குறைந்தவர் இல்லை. என் கன்னத்துக்கே தெரியும். ஆனால் பந்தாட்டம் என்றால் அவருக்கு உயிர். மலாக்கா வட்டாரத்துக்கு ஒரு சாம்பியன் கோப்பை வைத்தார். ஊர்த் திடல்களில் மரவள்ளிக்கிழங்கு நட்டுவிட்டதால் கஜா பெராங் திடலில்தான் ஆட்டங்கள்.

குழுக்களைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் வந்தது. அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களுக்கு லாரி வரும், ஆண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இன்று பேர் கொடுத்தவன் நாளை ஊரில் இருப்பானா என்று தெரியாது. ஆள் குறைந்தால் ஆட்டம் கெடும் என்று அந்த அதிகாரி ஒரு காரியம் செய்தார். பேர் பதிந்த ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் முத்திரை குத்திய வெள்ளைக் கைப்பட்டை கொடுத்தார். பட்டை போட்டவனை எந்த லாரிக்காரனும் தொடக் கூடாது. எனக்குப் பட்டை தேவைப்படவில்லை, தண்ணீர்ப் பிரிவு ஆட்களை அவர்கள் தொடுவதில்லை. அதனால் அந்தப் பட்டையைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவும் இல்லை.

இறுதி ஆட்டத்துக்குக் கஜா பெராங்கும் தெங்கெராவும் வந்தன. கஜா பெராங் குழுவில் செட்டிப் பையன்களும் தமிழர்களும் கலந்து இருந்தார்கள். அவர்களுடைய முன்கள ஆட்டக்காரன் காத்தான், செங் என்ற ஊரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். தெங்கெரா மலாய்க்காரர்களின் குழு. அவர்கள் தலைவர் கோல் கீப்பர் மாட் நோர், ஆறடி ஆள், மீன் பிடிக்கிறவர்.

இறுதி ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். ஊரே வந்துவிட்டது. பிள்ளை முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்து மூலைகளை அளந்தார். சுண்ணாம்பு கிடைக்காததால் கிளிஞ்சல் தூளில் போட்ட கோடு. கடல் பக்க மூலையில் கயிறு சேரவில்லை, ஒரு முழம் கோணல். "பெலூம்" என்றார். ஆட்டம் தள்ளிப் போனது. கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டே கலைந்தது. அதில் என் குரலும் இருந்தது.

அடுத்த முறை தோக்கியோ நேரத்தால் வந்த வினை. ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டான். கடிகாரம் ஐந்து காட்டும், வெயில் மூன்றரை மணி வெயில். ஐந்து மணிக்கு ஆட்டம் என்றார் அதிகாரி. கஜா பெராங் கடிகாரத்தைப் பார்த்து வந்தது. தெங்கெராக்காரர்கள் அசர் என்கிற பிற்பகல் தொழுகையை முடித்துவிட்டு வந்தார்கள். தொழுகைக்குச் சூரியன்தான் கடிகாரம், சூரியனை யாரும் தள்ளி வைக்க முடியவில்லை. அவர்கள் வந்து சேர்ந்தபோது, காத்திருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்று பிள்ளை கைவிரித்துவிட்டார். தெங்கெராவை ஆட்டத்திலிருந்தே தள்ளிவிடலாமே என்றார் அதிகாரி. இரண்டு கடிகாரம் இருக்கிற ஊரில் எந்தக் கடிகாரம் என்று முன்கூட்டியே சொல்லாதது நம் குறைதான், வேறு நாள் குறிக்க வேண்டியதுதான் என்று பிள்ளை பணிவாகச் சொன்னார். தோக்கியோ நேரத்தை ஊருக்கு ஒழுங்காக அறிவிக்கவில்லை என்று அறை விழுந்தது எனக்கு. ஏன் எனக்கு என்று இன்று வரை விளங்கவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

மூன்றாவது முறை மாரியம்மன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் கொடி இறங்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கம்போங் செட்டியின் எல்லை ஒரு வாய்க்கால், திடல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கஜா பெராங் குழுவில் பாதிப் பேர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு திடலைப் பார்த்தார்கள்.

"இது யார் போட்ட சட்டம்?" என்று அதிகாரி கேட்டார்.

"மாரியம்மன், துவான்" என்றார் பிள்ளை. துவான் என்றால் துரை.

"எந்த இலாகா?"

பிள்ளை முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "பெரியம்மை, சின்னம்மை, மழை. எல்லாம் அந்த இலாகாதான், துவான்."

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். பிறகு கோயில் இருந்த திசையில் ஒரு தடவை குனிந்து நிமிர்ந்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒருவழியாக ஆட்டம் நடந்தது. ஆளுக்கு ஒரு கோல், சமன். அந்தக் காலத்தில் பெனால்டி அடித்து முடிவு கட்டுகிற வழக்கம் கிடையாது. சமன் என்றால் மறு ஆட்டம். மறு ஆட்டமும் நடந்தது. கோலே இல்லாமல் அதுவும் சமன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அதிகாரி இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டார். வேண்டுமென்றே சமன் செய்கிற ஆட்டம் எது என்று தனக்குத் தெரியும், அப்படி ஒன்றைக் கண்டால் அத்தனை பட்டையையும் அறுத்துவிடுவேன் என்று எச்சரித்து அனுப்பினார்.

அடுத்து பந்தே படுத்துவிட்டது. ஊரில் இருந்தது அந்த ஒரு நல்ல பந்துதான். தோல் சரியாக இருந்தது, உள்ளே காற்று நிற்கும் பை, பிளாடர், ஒட்டுப் போட இடமில்லாமல் கிழிந்துவிட்டது. சந்தையில் இறைச்சி வெட்டுகிற சீனர் ஒருவர் நல்ல மனசோடு பன்றியின் மூத்திரப்பையைக் கழுவி உலர்த்திக் கொண்டுவந்து கொடுத்தார். மாட் நோர் அதை எட்ட நின்று பார்த்தார். "முதலாளி, ரொம்ப நன்றி. இது உள்ளே போனால் எங்கள் ஆள் ஒருவனும் பந்தைத் தொட மாட்டான். நான் கோல் கீப்பர், நான் கையாலேயே பிடிக்க வேண்டும்" என்றார். சீனர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார், எல்லாரும் சிரித்தோம். மூத்திரப்பை சந்தைக்கே திரும்பிப் போனது.

கடைசியில் காத்தான்தான் வழி சொன்னான். கப்பல் இல்லாமல் தோட்டங்களில் ரப்பர் பால் வீணாகக் கொட்டிக் கிடந்தது. உருண்டைச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பாலில் முக்கி உலர்த்தினான், திரும்ப முக்கி உலர்த்தினான். தோட்டத்துப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டு உரித்தெடுத்தான். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, பார்க்க அம்மைக்கட்டு வந்த கன்னம் போல் இருந்தது. ஆனால் தோலுக்குள் வைத்து ஊதினால் காற்று நின்றது. பந்து நேராக உருளாமல் போதையில் நடப்பவன் மாதிரி சாய்ந்து சாய்ந்து போனது.

பிள்ளை அந்தப் பந்தை என்னிடம் கொடுத்துப் பெண்டஹாரா சாலை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வரச் சொன்னார். எடை கூடுதலாக இருந்தது. "பெலூம்." காத்தான் இன்னொரு பிளாடர் செய்தான். அது எடை குறைந்தது. "பெலூம்." கடைக்காரர், "தம்பி, அரிசி நிறுத்து எத்தனையோ மாசமாச்சு. இந்தத் தராசு இப்ப உங்க பந்துக்குன்னே தொங்குது" என்றார். இப்படியே வாரங்கள் ஓடின. மூன்றாவது பிளாடர்தான் எடைக்கு ஒத்து வந்தது. அதையும் பிள்ளை திருப்பித் திருப்பி அழுத்திக்கொண்டு நின்றபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. திடலில் எல்லார் முன்னாலும் மலாயில் கத்திவிட்டேன்.

"இப்படியே போனால் இந்த ஆட்டத்துக்கு என் பேரன்தான் கொடி பிடிப்பான்!"

அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிள்ளையின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "அடுத்த ஆட்டத்துக்கு நீ ஊது. இவர் கொடி பிடிக்கட்டும். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் கோப்பை கொடுத்தாக வேண்டும். சீசன் அன்றைக்கு முடிகிறது."

என் கால் தரையில் இல்லை. முதல் விசில், அதுவும் இறுதி ஆட்டத்தில்! வீட்டுக்குப் போகும் வழியில் காத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான்.

"அண்ணே, நீங்களா ஊதப் போறீங்க?"

"ஆமாடா. இதோட முடிச்சிக் கட்டிரலாம்."

அவன் நின்றுவிட்டான். "முடிச்சிராதீங்கண்ணே."

"ஏன்?"

கையிலிருந்த வெள்ளைப் பட்டையைத் தொட்டுக் காட்டினான். "இது சீசன் முடியற வரைக்குந்தாண்ணே. அந்த ஆபீசரே எங்க கங்காணிகிட்ட சொல்லியிருக்காரு. கப்பு குடுத்த மறுநாளு லோரி வரும். எங்கண்ணன் சயாமுக்குப் போயி ஒரு தகவலும் இல்ல. போனவங்க ஒருத்தரும் திரும்பல. எம்புள்ள இப்பதாண்ணே தவழுது."

எங்கள் ஆட்கள் மட்டுமா? தெங்கெராக்காரர்களுக்கும் அதே பட்டை, அதே லாரி. கோணல் கோடு, தோக்கியோ நேரம், வாய்க்கால், தராசு என்று ஒவ்வொன்றாக மனசில் வந்தது. பிறகு இன்னொன்றும் வந்தது.

"அப்ப நீ ஏன்டா ஒவ்வொரு ஆட்டத்துலயும் கோல் அடிக்கப் பாயறே?"

காத்தான் தலையைச் சொறிந்தான். "பந்து முன்னால வந்துட்டா காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுண்ணே."

நேராகப் பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சே, எல்லாம் தெரிந்துதான் செய்தீர்களா?"

"கோடு கோணலா இல்லையா?" என்று கேட்டார்.

"கோணல்தான்."

"பந்து எடை கூடுதலா இல்லையா?"

"கூடுதல்தான்."

"அப்புறம் என்ன? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே. போருக்கு முன்னால் சின்னக் குறை என்றால் மன்னித்துவிடுவேன். இப்போது மன்னிப்பதில்லை. அதுதான் வித்தியாசம்."

போருக்கு முன்னால் அவர் எதை மன்னித்தார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அதைக் கேட்கும் நேரம் அதுவல்ல. "ஆட்டத்தன்று நான் என்ன செய்வது?" என்றேன்.

"கண்ணில் பட்டதை ஊது. படாததை ஊதாதே."

"கோல் விழுந்தால்?"

"கோல்."

"அப்புறம் லாரி?"

கிழங்கைக் கீழே வைத்தார். "முகம், அந்த ஆளுக்கு ஆட்டம் தெரியும். நீ ஒரு தடவை பொய்யாக ஊதினால் கண்டுபிடித்துவிடுவார். அந்த நிமிஷமே எல்லாப் பட்டையும் போய்விடும், உன்னையும் சேர்த்து ஏற்றிவிடுவார். கோல் விழாமல் இருக்க மாரியம்மனைக் கேள். விசிலைக் கேட்காதே." பிறகு எனக்கும் ஒரு துண்டுக் கிழங்கு கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஆட்ட நாள் வந்தது. பெரிய அதிகாரி காரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பை மேசை மேல் பளபளத்தது. இரண்டு பக்கமும் மூச்சைக் கொடுத்து ஆடினார்கள், சும்மா ஆடினால் பட்டை போய்விடுமே. மாட் நோர் அன்றைக்குப் பிடித்த பந்துகளை அதற்குப் பிறகு எவனும் பிடித்து நான் பார்க்கவில்லை. தடுத்த ஒவ்வொரு தடவையும் இரண்டு குழுவுமே பெருமூச்சு விட்டது. அடித்தவனே மாட் நோரைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். பெரிய அதிகாரிக்கு அது நல்ல பண்பாகப் பட்டிருக்க வேண்டும், கை தட்டினார்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருந்தன. கோல் இல்லை. இன்னும் கொஞ்சம்தான், சமனில் முடிந்துவிடும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்த சமயம், இடது ஓரத்திலிருந்து பந்து சாய்ந்து சாய்ந்து உருண்டு காத்தானுக்கு முன்னால் வந்து நின்றது. அவனுக்கும் கோலுக்கும் நடுவே மாட் நோர் மட்டும்தான். மாட் நோரும் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். காத்தான் பந்தைப் பார்த்தான். ஒரு நொடி கண்ணை மூடினான், அதை நான் பார்த்தேன். ஆனால் அவன் கால் பேச்சுக் கேட்கவில்லை. வாழ்நாளிலேயே அடிக்காத அடி அடித்தான்.

கோல் கோட்டுக்கு நேராக ஓடி நிற்க வேண்டும் என்பது பிள்ளையின் பாடம். நான் சரியாக அங்கே நின்றேன். பாதி தூரத்தில் டப்பென்று ஒரு சத்தம். பந்தின் தையலுக்குள்ளிருந்து வெள்ளையாக ரப்பர் பிதுங்கியது. காற்றில் போய்க்கொண்டிருந்த பந்து அமுங்கிச் சுருங்கி, தட்டில் போட்ட அப்பம் மாதிரி தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டி நின்றது.

"கோல்! கோல்!" என்று ஊர் அலறியது. பெரிய அதிகாரி எழுந்து நின்றார். ஒருவர் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டார். காத்தான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நான் கண்ணில் பட்டதை மறந்துவிடவில்லை. பந்து வெடித்தது கோட்டுக்கு முன்னால். வெடித்த பந்துக்குக் கோல் கிடையாது. அது வெடித்த இடத்தில் வேறு பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். எதிர்ப் பக்க ஓரத்தில் பிள்ளையைப் பார்த்தேன். அவர் கொடி கோலைக் காட்டவில்லை, பந்து வெடித்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் ஊதினேன். ஓடிப் போய் அந்த இடத்தில் காலை ஊன்றி நின்றேன்.

விளையாட்டு அதிகாரி திடலுக்குள் வந்தார். கன்னம் தானாகக் கூசியது.

"கோலா?"

"இல்லை, துவான். இங்கே வெடித்தது. கோட்டைத் தாண்டியபோது அது பந்தே இல்லை."

பிள்ளை வந்து சேர்ந்தார். "வேறு பந்து வேண்டும், துவான். துவானிடம் இருக்கிறதா?" என்றார்.

"இல்லை" என்றார் அதிகாரி.

குனிந்து அந்தச் சப்பிய பந்தை எடுத்தார். காத்தானைப் பார்த்தார். மாட் நோரைப் பார்த்தார். பிறகு பந்தின் மேல் கட்டைவிரலை வைத்து, பிள்ளை அழுத்துவது போலவே நாலு பக்கமும் அழுத்தினார்.

"பெலூம்" என்றார்.

பிள்ளையின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. அதிகாரி திரும்பிப் போய்ப் பெரியவரிடம் அவர்கள் பாஷையில் நீளமாகச் சொன்னார். பெரியவர் பந்தை வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். காரில் ஏறினார். கோப்பை திரும்பப் பெட்டிக்குள் போனது. சிங்கப்பூரிலிருந்து புதுப் பந்து வரும் வரை இறுதி ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது, சீசன் முடியவில்லை என்று அறிவித்தார்கள்.

பந்து வரவில்லை. கேட்டபோதெல்லாம் கேட்டிருக்கிறோம், வரும் என்றார் அதிகாரி. பட்டைகள் அழுக்கேறி நைந்து போயின. காத்தானின் குழந்தை தவழ்வதை விட்டு ஓட ஆரம்பித்தது. சயாம் லாரிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு நாள் நின்றே போயின. ஒரு தடவை காத்தானை ஓரமாக அழைத்து, அந்த மூன்றாவது பிளாடரை வேண்டுமென்றே மெல்லிசாகச் செய்தாயா என்று கேட்டேன். "சாமி சத்தியமா இல்லண்ணே. மெல்லிசா செஞ்சிருந்தா பிள்ளை வெரலு கண்டுபிடிச்சிருக்காதா?" என்றான். அதுவும் சரிதான்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, அந்த அதிகாரி இருந்த கட்டடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று என்னை அனுப்பினார்கள். அவரையும் மற்றவர்களையும் முன்பே கைதிகளாகக் கொண்டு போய்விட்டார்கள். குழாய் போகிற சுவரை மறைத்து ஓர் அலமாரி நின்றது. நகர்த்துவதற்காகத் திறந்தேன். மேல் தட்டில், தூசி படிந்து, ஒரு தடவைகூட மண்ணைத் தொடாத புதுப் பந்து இருந்தது.

காவலுக்கு இருந்த பழைய பியூனைக் கூப்பிட்டேன். "இது எப்ப வந்தது?"

"அதுவா? சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்திருச்சி. யாரும் தொடக் கூடாது, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றார்.

பந்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்த ஆள் கொடுத்த அறையை நான் மறக்கவில்லை, அவன் ஆட்கள் காத்தானின் அண்ணனுக்குச் செய்ததையும் மறக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவருக்காக அழுதேன்.

அந்த வாரமே இறுதி ஆட்டம். கோப்பை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, யாரும் தேடவும் இல்லை. மாமரத்தடி நிறைய ஜனம். இரண்டு குழுவும் நடுக்கோட்டில் வரிசையாக நின்றன. எல்லாரும் மெலிந்திருந்தார்கள். ஒருவன் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தான். பூட்ஸ் பாதிப் பேருக்கு இல்லை. பிள்ளை விசிலை என்னிடமே விட்டுவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டார்.

பந்தை அவரிடம் நீட்டினேன். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். திருப்பினார், மறுபடி அழுத்தினார். பெலூம் என்று வரும் என்று காத்திருந்தேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. கோட்டில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவரையும் அப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஹசானின் மகன்." ஒரு கை உயர்ந்தது. "வேலுவின் மகன்." காத்தான் கை தூக்கினான். மெதுவாக, ஒருவர் விடாமல். இருபத்திரண்டு பெயர், இருபத்திரண்டு கை.

கடைசிக் கை இறங்கியதும் பந்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"போலே, முகம்."

விசிலை வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை. காற்று மட்டும்தான் வந்தது. நடுக்கோட்டிலிருந்து காத்தான் கத்தினான்:

"அண்ணே, ஊதுங்கண்ணே! இந்தத் தடவ முடிச்சிரலாம்!"

ஊதினேன்.